ஆந்தைக்கு வீடு: பொந்தா, சின்னப் பெட்டியா, பெரிய பெட்டியா?

பெரும்பாலான ஆந்தைகளுக்குக் கூடு கட்டத் தெரியாது. சுள்ளி பொறுக்கி வந்து பின்னுகிற பொறுமையெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. மரப்பொந்து, பாழடைந்த கட்டடத்தின் மாடம், பாறை இடுக்கு, காகமோ பருந்தோ விட்டுப்போன பழைய கூடு என்று அகப்பட்ட இடத்தில் முட்டையிட்டுவிடும். தோட்டத்தில் ஆந்தையைக் குடிவைக்க ஆசைப்படுகிறவருக்கு இது வசதிதான். சரியான வீட்டைக் காட்டினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். எந்த வீடு என்பதில்தான் குழப்பம்.

முதலில் மரப்பொந்து. தோட்டத்தில் வயதான மரம் நின்று, அதில் கிளை முறிந்த இடம் உளுத்துப் பொந்தாகியிருந்தால் நீங்கள் பெட்டி செய்யவே வேண்டாம். உயிருள்ள மரத்தின் தடித்த சுவருக்குள் பகல் வெயிலும் இரவுக் குளிரும் அவ்வளவு சீக்கிரம் நுழையாது. பலகைப் பெட்டி எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இதற்கு ஈடாகாது. அடியில் உதிர்ந்து கிடக்கும் உளுத்த மரத்தூளே மெத்தை. பட்ட மரம் என்றால் விழுமோ என்ற பயம் நியாயம்தான். அதற்காக அடியோடு சாய்க்க வேண்டியதில்லை. மேல் கிளைகளைக் கழித்துவிட்டு, வீட்டுக்கும் வழிக்கும் எட்டாத தூரத்தில் இருந்தால் அடிமரத்தை அப்படியே நிறுத்தி வைக்கலாம். பொந்தின் ஒரே குறை, நினைத்தவுடன் உண்டாக்க முடியாது என்பது. அதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

ஆக, பெரும்பாலானோருக்குப் பெட்டிதான் வழி. இங்கே பலர் செய்கிற தப்பு, முதலில் பெட்டியைச் செய்துவிட்டு அப்புறம் எந்த ஆந்தை வரும் என்று யோசிப்பது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். எல்லா ஆந்தைக்கும் பொருந்தட்டும் என்று நடுத்தர அளவில் ஒன்று அடித்து மாட்டினேன். இரண்டு பருவம் மைனாக்கள் குடியிருந்தன, மூன்றாவது பருவம் தேனீ.

வீட்டுத் தோட்டத்தைப் பொறுத்தவரை போட்டி இரண்டு பேருக்குள்தான்: ஏறத்தாழ ஒரு சாண் உயரமுள்ள சின்ன ஆந்தைகள், அப்புறம் இதய வடிவ வெள்ளை முகம் கொண்ட கூகை. இரண்டின் தேவையும் வேறு. சின்ன ஆந்தை வண்டு, விட்டில், வெட்டுக்கிளி, பல்லி, சுண்டெலி என்று எதையும் தின்னும். நாலைந்து மரமும் கொஞ்சம் புதரும் இருந்தால் அதன் சமையலறை நிரம்பிவிடும். கூகை அப்படியில்லை. அதன் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை, ஒன்று சற்று மேலே, ஒன்று கீழே. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கும்மிருட்டில்கூட எலியின் சலசலப்பு எங்கிருந்து வருகிறது என்று கணிக்கிறது. இந்த வித்தை பலிக்கப் புல்வெளி, வயல் மாதிரித் திறந்த நிலம் வேண்டும். சுற்றிலும் சுவரும் கூரையுமாக இருக்கிற இடத்தில் கூகைப் பெட்டி மாட்டினால் அது பெரும்பாலும் காலியாகவே தொங்கும்.

அளவைப் பார்ப்போம். சின்ன ஆந்தைக்கு உள்தரை 20 செ.மீ. சதுரம், உயரம் 35 முதல் 40 செ.மீ., வாசல் 7.5 செ.மீ. விட்டம். வாசலின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ 25 செ.மீ. மேலே. கூகைக்குத் தரை 40-க்கு 60 செ.மீ., வாசல் 13 முதல் 15 செ.மீ. இதில் ஒரு அளவை மட்டும் சமரசம் செய்யவே கூடாது: கூகைப் பெட்டியின் வாசலுக்கும் தரைக்கும் இடையே குறைந்தது 45 செ.மீ. ஆழம். காரணம் இருக்கிறது. மர ஆந்தைகள் பலவற்றின் குஞ்சுகள் பறக்கும் முன்பே கிளைக்கு வந்துவிடும். கீழே விழுந்தாலும் அலகாலும் நகத்தாலும் மரத்தைப் பற்றித் தொற்றி ஏறிவிடும். கூகைக் குஞ்சுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. தரையில் கிடக்கும் குஞ்சுக்குப் பெற்றோர் இரை கொண்டுபோய்க் கொடுப்பதும் அரிது. ஆழமில்லாத பெட்டியில் பசியோடு வாசலுக்கு முண்டியடிக்கும் குஞ்சு, விழுந்தால் அதோடு சரி. கடையில் அழகாகத் தெரியும் பெட்டிகளில் நான் முதலில் ஸ்கேலை விட்டுப் பார்ப்பது இந்த ஆழத்தைத்தான்.

வாசலுக்கு வெளியே படி வைப்பதிலும் இரண்டுக்கும் நேர்மாறான விதி. சின்ன ஆந்தைக்கு வாசலடியில் குச்சி வேண்டாம். அது வேட்டையாட வருகிறவர்களுக்குக் கைப்பிடி. கூகைப் பெட்டியை மரத்திலோ கம்பத்திலோ வைத்தால் விளிம்பு கட்டிய சிறு திண்ணை இருப்பது நல்லது. குஞ்சுகள் சிறகடித்துப் பழக அதுதான் மைதானம்.

உள்ளே சின்ன ஆந்தைக்கு ஐந்தாறு செ.மீ. உயரத்துக்கு மரச்சீவல் போடுங்கள். மரம் அறுத்த தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேண்டாம். கூகை தன் மெத்தையைத் தானே தயாரித்துக்கொள்ளும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கி, அதை மிதித்துப் பரப்பி அதன்மேல் முட்டையிடும். கேட்க அருவருப்பாக இருக்கலாம், அதற்கு அதுதான் பஞ்சு. ஆனால் அந்த மெத்தை ஆண்டுக்காண்டு உயர உயர, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த 45 செ.மீ. குறைந்துகொண்டே வரும். குஞ்சுகள் வெளியேறி, பெட்டி காலி என்று உறுதியான பிறகு வாரியெடுக்க வேண்டும். முட்டையோ குஞ்சோ இருக்கும்போது திறப்பது பல நாடுகளில் சட்டப்படியே குற்றம்.

அக்கம்பக்கத்தாரையும் கணக்கில் சேருங்கள். கூகை ஒரு ஈட்டுக்கு நான்கு முதல் ஏழு முட்டை வரை இடும். அடைகாக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க இரண்டு மாதம் வரை. அந்த இரண்டு மாதமும் இரவெல்லாம் பிரஷர் குக்கர் ஆவி விடுகிற மாதிரி 'ஷ்ஷ்ஷ்' என்று குஞ்சுகள் இரைந்துகொண்டிருக்கும். படுக்கையறை ஜன்னலுக்கு நேரே வைத்தவர்கள் வருந்துவார்கள். சின்ன ஆந்தைக் குடும்பம் இந்த அளவுக்குத் தூக்கத்தைக் கெடுக்காது. சிறிய தோட்டம் என்றால் என் ஓட்டு சின்னப் பெட்டிக்குத்தான். வேலிக்கு அப்பால் வயல் விரிந்து கிடந்தால் மட்டும் கூகை.

எங்கே மாட்டுவது? சின்னப் பெட்டியை மூன்றிலிருந்து ஆறு மீட்டர் உயரத்தில் மரத்தில் மாட்டலாம். அடிமரத்தைச் சுற்றி வழவழப்பான தகரம் அடித்தால் பூனை ஏறாது. கூகைக்கு மரத்தைவிட, ஆள் நடமாட்டம் குறைந்த கொட்டகைக்குள் கூரையடியே நல்லது, நனையாது, காயாது. இரண்டும் இல்லாத வெட்டவெளிக்குத்தான் கம்பம். இஸ்ரேலின் ஸ்டே எலியாஹு என்ற கிப்புட்சில் (கூட்டுப் பண்ணைக் கிராமம்) 1983-ல் எலியைக் கட்டுப்படுத்தக் கூகைப் பெட்டிகள் வைக்கத் தொடங்கி, அது நாடு முழுக்கப் பரவியது. மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் இதே உத்திதான். கம்பத்தின் எதிரி வெயில். வாசல் பிற்பகல் வெயிலைப் பார்க்கக் கூடாது. காற்றுத் துளையும் மேலே இரட்டைக் கூரையும் இருந்தால் குஞ்சு வேகாது.

நான்காவதாக ஒரு வழி உண்டு: கம்பிவலையைக் கூம்பாகச் சுருட்டி, சுள்ளி திணித்து, உயர்ந்த கவட்டையில் கட்டி வைக்கும் திறந்த கூடை. பெரிய கொம்பன் ஆந்தைகளுக்கு அது பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. அவை சின்ன ஆந்தைகளையே பிடித்துத் தின்னும், குஞ்சு இருக்கும்போது மனிதர் மேலும் பாயும். இத்தனைக்கும் நடுத்தர அளவுள்ள டானி ஆந்தை ஒன்று தாக்கித்தான் பிரிட்டனின் புகழ்பெற்ற பறவைப் படக்கலைஞர் எரிக் ஹோஸ்கிங் 1937-ல் ஒரு கண்ணை இழந்தார்.

எந்தப் பெட்டியானாலும் வீட்டில் எலி மருந்து வைத்திருந்தால் கதை மாறிவிடும். புரோடிஃபாகூம், புரோமடியோலோன் வகை மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். ஆந்தைக்கு எளிதில் அகப்படுவது அந்த எலிதான், அதன் வழியே நஞ்சும் உள்ளே போகும். ஆந்தையும் வேண்டும், அந்த மருந்தும் வேண்டும் என்றால் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். அதேபோல் பெட்டியை நோக்கி எரியும் விளக்கை அணையுங்கள். ஆழமான தொட்டி இருந்தால் ஒரு மரக்கட்டையை மிதக்க விடுங்கள், குளிக்க இறங்கும் கூகை ஏற முடியாமல் மூழ்குவது உண்டு. ஆந்தைக் குரலைப் போனில் போட்டுக் கூப்பிடுகிற வேலை வேண்டாம். அங்கே ஏற்கெனவே இருக்கிற ஆந்தை, யாரோ தன் எல்லைக்குள் புகுந்துவிட்டதாக அலைபாயும்.

இனப்பெருக்கப் பருவத்துக்குச் சில மாதம் முன்பே பெட்டி மேலே ஏறிவிட வேண்டும். முதல் ஆண்டே வரலாம், மூன்றாண்டு வராமலும் இருக்கலாம். ஏணி போட்டு எட்டிப் பார்க்காதீர்கள். காலையில் பெட்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்: சுண்ணாம்பு தெளித்த மாதிரி எச்சம், பக்கத்தில் மயிரும் எலும்பும் கலந்த சாம்பல் நிற உருண்டை ஒன்று கிடந்தால், மேலே ஆள் வந்தாச்சு.