தமுக்கம் பக்கமா, தெப்பக்குளமா?

மதுரைக்குள் சாயங்காலம் போய் உட்கார மூன்று இடம் சொல்வார்கள்: காந்தி மியூசியம் பக்கத்து ராஜாஜி பூங்கா, மாநகராட்சி அலுவலகத்தை ஒட்டிய எக்கோ பார்க், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். யாரோடு, எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

சின்னப் பிள்ளைகள் என்றால் ராஜாஜி பூங்காதான். மரநிழல், ஊஞ்சல், சறுக்கு எல்லாம் உண்டு. சித்திரை, வைகாசியில் நாலு மணிக்கே சறுக்கில் ஏற்றிவிடாதீர்கள். முதலில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால், வெயில் தாழும்வரை மியூசியத்தைப் பார்த்துவிட்டு வரலாம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை அது. 1959ல் நேரு மியூசியமாகத் திறந்துவைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி உள்ளே இருக்கிறது. அதன்முன் பிள்ளைகளை நிறுத்தி, விஷயத்தைச் சொல்லிக் காட்டுங்கள். மதியம் மூடித் திறப்பார்கள் என்பதால் மூன்று மணிக்குப் போனால் சரி. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாளில், மியூசியம் இருக்கிற இந்தத் தல்லாகுளம் பக்கம் வண்டியே எடுக்கவேண்டாம்.

எக்கோ பார்க் இருட்டியபிறகுதான் அழகு. நீரூற்று அன்றைக்கு ஓடுகிறதா என்று சீட்டு வாங்கும்முன் கேட்டுவிடுங்கள்.

நடக்கப் போகிறவர்களுக்குத் தெப்பக்குளத்துக்கு ஈடு கிடையாது. திருமலை நாயக்கர் வெட்டிய குளம் ஏறக்குறைய 305க்கு 290 மீட்டர். ஒரு சுற்று 1.2 கிலோமீட்டர் வரும். மூன்று சுற்றில் மூன்றரைக்கு மேல் ஆகிவிடும். பகல் முழுக்கக் காய்ந்த கல், பொழுது சாய்ந்தபிறகும் அனல் கக்கும். அதனால் காலை ஆறு மணி, இல்லையென்றால் இரவு ஏழுக்கு மேல். தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் மாதங்களில் காற்று குளிர்ந்து வரும்; குளம் வற்றினால் அந்தச் சுகம் பாதியாகிவிடும். வயதானவர்களைப் படியில் இறக்கவேண்டாம், ஈரக்கல் வழுக்கும். சுற்றுச்சுவர் ஓரமாக உட்காரவையுங்கள். தைப்பூசத் தெப்பத்தன்று நடைக்கு இடமே இருக்காது, ஆனால் கரையில் நின்று வடம் பிடித்துத் தெப்பத்தை இழுப்பதை ஒருமுறையாவது பார்க்கவேண்டும்.

ராஜாஜி பூங்கா, தெப்பக்குளம் இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதென்றால் பூங்காவை முதலில் முடியுங்கள். வைகையைக் கடக்கக் கோரிப்பாளையம், யானைக்கல் பக்கம் போய் மாட்டிக்கொள்ளாமல் குருவிக்காரன் சாலைப் பாலத்தைப் பிடியுங்கள்.