வீட்டை ‘ரெடி பண்ணி’ விற்றுத் தருகிறேன் என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்: சுங்கை சிப்புட் வட்டாரத்துக்கு ஓர் எச்சரிக்கை

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) வீடு விற்க நினைப்பவர்கள் தயவு செய்து இதை முழுதாகப் படியுங்கள். வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டுக் கிள்ளானிலும் ஜொகூரிலும் வேலை பார்ப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். விற்பதற்கு முன் வீட்டைச் சரிசெய்து தருகிறேன், ஆள் பிடித்து நானே விற்றும் தருகிறேன் என்று ஒரே ஆள் இரண்டு வேலைக்கும் வந்து நின்றால் அவரிடம் ஒரு காசு கூடக் கொடுக்காதீர்கள். எங்கள் அம்மாவிடம் அப்படி ஒருவர் 14,000 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். அவர் வீட்டில் செய்துவிட்டுப் போன வேலையைப் பிரித்தெடுக்கவே தனியாகச் செலவழிக்க வேண்டியிருந்தது.

அம்மாவும் அப்பாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறி லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து, மீதிக்குக் கடன் வாங்கி, தாமானில் ஒரு சின்ன வரிசை வீடு வாங்கினார்கள். பின்பக்கம் சமையலறையை அப்பா நீட்டிக் கட்டினார். இந்த ஊரில் பல குடும்பங்களுக்கு இதே கதைதான். அப்பா இறந்த பிறகு கிராண்டை (வீட்டு நிலப் பட்டாவை) அம்மா பெயருக்கு மாற்றிவிட்டோம், கடனும் தீர்ந்திருந்தது. இனித் தனியாக இருக்க வேண்டாம் என்று அம்மா என்னோடு வரச் சம்மதித்ததும் வீட்டை விற்கும் பேச்சு வந்தது.

அந்த ஆள் முதலில் தபால் பெட்டியில் ஒரு துண்டுத்தாள் போட்டார். பிறகு நேரிலேயே வந்தார். நல்ல தமிழ், பணிவான பேச்சு. “ஆன்ட்டி, நானும் தோட்டத்துப் பிள்ளைதான்” என்று ஆரம்பித்திருக்கிறார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இப்படியே வித்தா ஒன்னரை லட்சம் கூட தேறாது ஆன்ட்டி. கொஞ்சம் ரெடி பண்ணிட்டா ரெண்டு இருபதுக்குப் போகும், ஈப்போ பார்ட்டி ஒன்னு என் கையிலயே இருக்கு” என்றாராம். கையில் ஆள் இருக்கிறது என்று யாராவது சொன்னால், சாயம் அடிக்கும் முன்பே அந்த ஆளைக் கூட்டி வந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையாக வாங்க வருபவர் பழைய சுவரைப் பார்த்துவிட்டே விலை பேசுவார். அந்த ஈப்போ பார்ட்டி யாரென்று எங்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

அவர் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. அம்மா அதை நம்பினார். நம் மலேசியாவில் வீடு விற்றுக் கொடுக்கும் தொழிலை 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. பதிவு பெற்ற முகவர் செய்யலாம், அல்லது அவருடைய நிறுவனத்தின் கீழ் ஆர்.இ.என். (வீடு விற்பனைப் பேச்சாளர்) எண் வாங்கியவர் செய்யலாம். வேறு யாரும் செய்யக் கூடாது. அந்த அட்டையில் படம், எண், நிறுவனத்தின் பெயர், கியூஆர் குறி எல்லாம் இருக்கும். எண்ணை, இந்தத் தொழிலைக் கண்காணிக்கும் வாரியத்தின் இணையத்தளத்தில் போட்டால் யார் என்று உடனே தெரிந்துவிடும். எங்கள் ஆளின் எண்ணை நான் போட்டுப் பார்த்தபோது வேறு யாருடைய பெயரோ வந்தது. முறையான முகவருக்குக் கமிஷன் அதிகபட்சம் விற்பனை விலையில் 3 விழுக்காடு. அதுவும் வீடு விற்றால்தான். விற்பதற்கு முன்பே ‘பேக்கேஜ்’ என்று பேசுகிறவர் சம்பாதிக்கப் போவது உங்கள் வீட்டை விற்று இல்லை, உங்களிடமிருந்துதான்.

அம்மா தமிழ்ப்பள்ளியில் படித்தவர். மலாய் நன்றாகப் பேசுவார், ஆங்கிலம் வாசிக்க வராது. அவரிடம் இரண்டு பக்க ஆங்கிலத் தாளை நீட்டி, வேலை தொடங்க ஒப்புதல் மட்டும்தான் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். உள்ளே இருந்தது வேறு. ஆறு மாதத்துக்கு வேறு யார் மூலமும் விற்கக் கூடாது. மேம்பாட்டு வேலைக்கு 18,000 வெள்ளி, அதில் 14,000 முன்கூட்டியே. வீடு விற்காவிட்டாலும் பணம் திரும்பி வராது. எந்த அறையில் என்ன வேலை, எந்தப் பொருள், எப்போது முடியும் என்று ஒரு வரி கூட இல்லை. பெற்றோரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: யார் எந்தத் தாளை நீட்டினாலும் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிய பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும்.

இப்போது அவர் செய்த வேலைக்கு வருகிறேன். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையைப் பல வீடுகளில் செய்கிறார்கள்.

சமையலறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறிப் பூச்சு உப்பியிருந்தது. அதைச் சுரண்டவில்லை, காரணம் தேடவும் இல்லை. மேலே பி.வி.சி. பேனலை ஒட்டிவிட்டார்கள். முன் கூடத்தில் உடைந்திருந்த தரைக்கல்லின் மேல் வினைல் தாளை விரித்தார்கள். ஒழுகிக்கொண்டிருந்த கூரையை விட்டுவிட்டு அதற்குக் கீழே புதிதாக சிலிங் போட்டார்கள். கரையான் தின்ற கதவு நிலையில் புட்டி அடைத்துப் பளபளவென்று சாயம் பூசினார்கள். புதுவிளக்குகளுக்கு வெளியே தெரியும்படி வயர் இழுத்திருந்தார்கள். உரிமம் உள்ள வயர்மேன் யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் கூரையில்தான். எங்கள் வீட்டுக் கூரை பழைய அஸ்பெஸ்டாஸ் தகடு. அதன் மேல் ஏறி அழுத்த நீரைப் பாய்ச்சிக் கழுவினார்கள். அப்படிக் கழுவினால் தகட்டின் மேற்பரப்பு அரித்துப்போய் நுண்ணிய நார் வெளியே வரும். நுரையீரலைக் கெடுக்கக் கூடிய நார் அது. அந்தச் சகதி பக்கத்து வீட்டுக் கொல்லையிலும் போய் விழுந்தது. அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் கூரை அந்த வகையாக இருந்தால் யாரையும் கழுவவோ தேய்க்கவோ விடாதீர்கள். மாற்றுவதென்றால் தகட்டை நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கத் தெரிந்த ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது, அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லி அழுகிறார். படம் எடுப்பதற்கு வீடு ‘பொதுவாக’ இருக்க வேண்டும், வேற்று இனத்தார் யாரும் வாங்க வரலாம் என்று சொல்லி சாமி மேடையைக் கழற்றச் சொன்னார். அம்மா படங்களை எடுத்து வைத்தார். மேடையை வேலைக்காரர்கள் குப்பையோடு சேர்த்து லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா தன் கையால் செய்த மேடை அது. வீடு பார்க்க வருகிறவர்கள் எந்த இனமாக இருந்தாலும், குடியிருக்கும் வீட்டில் சாமி இருப்பதைப் பார்த்து ஓடிப்போக மாட்டார்கள். அதிலும் எங்கள் தாமானில் வாங்க வருவது பெரும்பாலும் நம்மவர்கள்தான். மேடையை நாம் வீட்டை ஒப்படைக்கும் நாளில், நம் கையால் முறையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் யார் சொன்னாலும் தொட விடாதீர்கள்.

அடுத்தது புகைப்படம். அகலமாகக் காட்டும் லென்ஸில் எடுத்து, வெளிச்சத்தையும் கூட்டிப் போட்டிருந்தார். கூடம் கல்யாண மண்டபம் மாதிரி தெரிந்தது. அதைப் பார்த்து வந்தவர்கள் வாசலைத் தாண்டியதும் முகம் சுருங்கித் திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் மழைக்காலம் வந்தது. பேனலுக்குப் பின்னால் பூஞ்சைக் காளான் பிடித்து நாற்றம் கிளம்பியது. சிலிங்கில் மஞ்சள் கறை வட்டம் வட்டமாக விரிந்தது. அந்தச் சமயத்தில் ஒரு ஆசிரியர் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். உண்மையாகவே வாங்கும் எண்ணம் உள்ளவர்கள். கூட வந்த, அவர்களில் ஒருவருடைய அப்பா தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். பேனலை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், அடியில் மூக்கை வைத்து முகர்ந்தார். “தங்கச்சி, இதுக்குப் பின்னால தண்ணி நிக்குது. உங்களுக்குத் தெரியுமா?” என்று அம்மாவிடம் கேட்டார். பழைய சுவரை அப்படியே விட்டிருந்தால் அவர்கள் கொஞ்சம் விலை குறைத்துக் கேட்டிருப்பார்கள், நாங்களும் கொடுத்திருப்போம். மூடி வைத்திருந்ததால், இன்னும் எதையெல்லாம் மறைத்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்துவிட்டது. திரும்பி வரவே இல்லை.

இன்னொருவர் வந்தது வாங்க இல்லை, சண்டை போட. எங்கள் வீட்டுக்கென்று முன்பணமாக அந்த ஆளிடம் பணம் கட்டியிருக்கிறார், அந்த ஆளின் சொந்த வங்கிக் கணக்கில். அம்மாவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாசலில் நின்று அவர் கத்தியபோது பக்கத்து வீட்டு அக்காதான் ஓடி வந்து அம்மாவுக்குத் துணை நின்றார். வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: முன்பணம் பதிவு பெற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கோ வழக்கறிஞர் அலுவலகத்துக்கோதான் போக வேண்டும். தனி ஆளின் பெயரில் உள்ள கணக்கு எண்ணைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இதற்குப் பிறகும் அந்த ஆள் அம்மாவைக் கூப்பிட்டு, வீடு விற்றால் அரசாங்கத்துக்கு லாப வரி கட்ட வேண்டும், இப்போதே ஒரு தொகை கொடுத்தால் குறைத்து முடித்துத் தருகிறேன் என்றார். நல்லவேளை, அம்மா என்னிடம் கேட்டார். தனிநபராக இருக்கும் குடிமகன் ஒருவர் வீட்டை வாங்கி ஆறாவது ஆண்டிலோ அதற்குப் பிறகோ விற்றால், 2022 ஜனவரி 1 முதல் அந்த வரி விகிதம் சுழியம். முதல் மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. எங்களுக்கு வரியே கிடையாது, படிவம் மட்டும் நிரப்ப வேண்டும், அதை வழக்கறிஞர் அலுவலகத்திலேயே செய்து கொடுப்பார்கள். ஐந்து ஆண்டுக்குள் விற்கிறவர்கள், வீட்டின் மதிப்பைக் கூட்டிய வேலைகளின் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். எங்கள் ஆள் 14,000 வெள்ளிக்கு ஒரு ரசீது கூடக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வங்கி வழியாகப் பணம் போனதால்தான் எங்களிடம் ஆதாரம் இருக்கிறது.

பிறகு நாங்களே இறங்கினோம். தம்பி பேனலைப் பிரித்தான். சுவருக்குள் ஓடிய பழைய பைப்பு ஒன்று கசிந்துகொண்டிருந்தது. அதை மாற்றி, உப்பிய பூச்சைக் கொத்தி எடுத்து, நன்றாகக் காய விட்ட பிறகுதான் சாயம். ஒழுகிய இடத்தில் கூரையை முறையாக மாற்றினோம். கதவு நிலையை அறுத்துப் புதிதாக வைத்து, கரையானுக்கு மருந்து அடித்தோம். அடைத்துக் கிடந்த வாய்க்காலைச் சுத்தம் செய்து, கேட்டுக்கு எண்ணெய் விட்டு, வீட்டை அடைத்துக்கொண்டிருந்த பழைய அலமாரிகளை வெளியேற்றினோம். எல்லாம் சேர்த்தும் அந்த ஆள் வாங்கியதைவிடக் குறைவாகவே முடிந்தது. வீடு பழைய வீடாகத்தான் தெரிகிறது, ஆனால் நாற்றம் இல்லை, ஈரம் இல்லை, கேட்கிற கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடிகிறது.

நீட்டிக் கட்டிய சமையலறை விஷயத்தை யாரும் எங்களிடம் முதலில் பேசவில்லை. வாங்குகிறவர் கடன் கேட்டால் வங்கி மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் அக்கம்பக்கத்தில் வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று பார்ப்பார், நிலத்தையும் கட்டடத்தையும் பார்ப்பார். நகராண்மைக் கழகத்தின் அனுமதி இல்லாமல் கட்டிய பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் போகலாம். பேனலும் வினைலும் அவரிடம் பெரிதாக எடுபடாது. ஆகவே பெயிண்ட் வாங்கும் முன் கிராண்ட், நில வரி, மதிப்பீட்டு வரி ரசீதுகள், கட்டட அனுமதித் தாள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். கிராண்டில் இன்னும் இறந்தவர் பெயரே இருந்தால் மாற்றும் வேலையை முதலில் தொடங்குங்கள். அது முடியாமல் விற்க முடியாது, எவ்வளவு சாயம் அடித்தாலும்.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம், வாரியத்துக்கும் எழுதியிருக்கிறோம். சீரமைப்புப் பணத்துக்காக ஈப்போவில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டோம். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். நிலம் வீடு விற்பனைத் தகராறை அங்கே எடுக்க மாட்டார்கள், ஆனால் பணம் வாங்கிக்கொண்டு ஒழுங்காகச் செய்யாத வேலையை எடுப்பார்கள். ஆகவே மனுவில் வேலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள். விசாரணைக்கு அந்த ஆள் வரவில்லை, அம்மாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 14 நாளுக்குள் தீர்ப்பை நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். அவர் இன்னும் கட்டவில்லை, அதற்கான புகாரையும் கொடுத்திருக்கிறோம். அவர் இப்போது லிந்தாங் பக்கம் வீடு வீடாகத் துண்டுத்தாள் போடுவதாகக் கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன். உங்களிடமும் வந்திருந்தால் தாள், வாட்சப் உரையாடல், வங்கிப் பரிமாற்றம் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட் காவல் நிலையத்துக்குப் போங்கள்.