பழைய காருக்குப் பணத்தை எங்கே போடுவது: கம்பெனி சர்வீஸா, உக்கடமா, ஊர்ப் பட்டறையா?

பண்ணாரியம்மன் கோயிலைத் தாண்டினால் திம்பம் மலைப்பாதை, மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். தாளவாடியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தோம். எட்டாவது வளைவு தாண்டியதும் எங்கள் ஆல்டோ காரின் வெப்ப முள் நடுவிலிருந்து மெல்ல மேலே ஏறியது. கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டேன். ஹீட்டர் இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை வண்டிக்குள் இழுத்துக்கொள்ளும். முள் சற்று இறங்கியது. அகலமான இடம் வந்ததும் ஓரங்கட்டினேன். அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டி, "ஊத்து கண்ணு" என்றார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்று சொல்லி, முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் தண்ணீர் ஊற்றி, மெதுவாக சத்தியமங்கலத்துக்கே இறக்கிச் சித்தப்பா வீட்டு வாசலில் விட்டோம்.

வண்டி 2009 மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர். 2016-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்; அந்த மாதம் காருக்கு ஒதுக்க முடிந்தது 20,000 ரூபாய், அதற்கு மேல் கடன்தான். இந்தத் தொகைக்குள் என்ன செய்யலாம் என்று பத்து நாள் அலைந்தேன். என் முன்னால் இருந்தவை நான்கு வழிகள்.

முதலில் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர். டோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மரியாதையாக நடத்தினார்கள், மாலைக்குள் எஸ்டிமேட்டும் கொடுத்தார்கள்: 41,000 ரூபாய். சிலிண்டர் ஹெட் (இன்ஜினின் மேல்மூடிப் பகுதி) முழுசாகப் புதிது, ரேடியேட்டர் புதிது, வாட்டர் பம்ப், ஹோஸ் எல்லாம் புதிது. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய முறையே அதுதான். ஒரு பாகம் கெட்டால் அதைப் பிரித்துச் சரிசெய்வதில்லை, அந்தத் தொகுதியையே மாற்றுகிறார்கள். பில் உண்டு, மாற்றிய பாகத்துக்கு வாரண்டி உண்டு. ஐந்து வருட வண்டி என்றால் நானும் அங்கேதான் விடுவேன். பதினைந்து வருட வண்டிக்கு அதன் விலையில் முக்கால் பங்கை ஒரே பில்லில் கட்டுவது என் நிலையில் முடியாத காரியம்.

விற்றுவிடுவது இன்னொரு வழி. இருக்கிற நிலையில் ஒரு புரோக்கர் 55,000 கேட்டார். அந்தப் பணத்துக்கு வேறு கார் வராது. மேலே ஒன்றரை லட்சம் கடன் வாங்கிப் போட்டால் வரும். ஆனால் அந்த வண்டியில் என்ன கோளாறு காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் ஆல்டோவில் எது மாற்றினேன், எது மாற்றவில்லை என்பது ஒரு நோட்டில் எழுதி இருக்கிறது. எட்டு வருடக் கணக்கு அது. அதை விற்றுவிட்டு முன்பின் தெரியாத வண்டிக்குக் கடன் கட்ட மனசு வரவில்லை.

மூன்றாவது, கோவை உக்கடம். பழைய கார் உதிரி பாகம் என்றால் கொங்கு நாட்டில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் இடம். எண்ணெய்ப் பிசுக்கோடு கியர் பாக்ஸ்கள் குவிந்திருக்கும், கதவுகளைப் புத்தகம்போல் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள், எந்த மாடலுக்கு எது பொருந்தும் என்பது கடைக்காரருக்கு மனப்பாடம். என் வண்டிக்குப் பழைய இன்ஜின் ஒன்று 24,000 சொன்னார்கள். இறக்கி ஏற்றும் கூலி தனி.

இன்ஜினையே மாற்றிவிட்டால் தொல்லை விட்டது என்று முதலில் தோன்றும். நின்று யோசித்தால் அப்படி இல்லை. அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து, எதற்காகக் கழற்றப்பட்டது என்று பார்க்க வேண்டும். பின்னால் இடிபட்ட வண்டியின் இன்ஜின் நன்றாக இருக்கலாம். முன்னால் இடிபட்டு, ரேடியேட்டர் உடைந்து, தண்ணீர் இல்லாமல் கொஞ்ச தூரம் ஓடியதாக இருந்தால் என் கதையேதான் அதற்கும். வாங்கினாலும் பெல்ட், ஆயில் சீல், வாட்டர் பம்ப் எல்லாம் புதிதாகப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். அதற்கு மேல், இன்ஜின் நம்பர் ஆர்சியில் இருக்கிறது. மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு ஒழுங்கான பில் வேண்டும். பில் இல்லாத இன்ஜினை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள். திருட்டு வண்டியினுடையதாக இருந்தால் மாட்டிக்கொள்வது நாம்தான்.

கடைசியில் அவிநாசியில் எங்கள் வீதிக்குப் பின்னால் இருக்கும் பட்டறைக்கே போனேன். ஐம்பது வயது தாண்டிய மெக்கானிக். நான் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு), ரேடியேட்டர் என்று அடுக்கத் தொடங்கியதும், "இருங்க தம்பி, நாளைக்குக் காத்தால இன்ஜின் ஆறுனதுக்கப்புறம் பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்றார். கோளாறு இன்னதென்று உறுதியாகத் தெரியும்வரை ஒரு பாகமும் வாங்கக் கூடாது என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

மறுநாள் காலை மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். ரேடியேட்டர் வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகச் செதில் படிந்திருந்தது. போர் தண்ணீர் காய்ச்சுகிற அண்டாவின் அடியில் படியுமே, அதே மாதிரி.

"ஏனுங் தம்பி, போர் தண்ணியவே ஊத்திட்டு இருந்தீங்களாக்கும்?"

ஆமாம் என்றேன். சிறுவாணி குடித்துப் பழகியவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கம் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடும் உப்பு. அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிட்டது. சமதளத்தில் நாற்பது, ஐம்பதில் ஓடும்போது தெரியவில்லை. இரண்டாவது கியரில் மலை ஏறும்போது இன்ஜின் சூடு கூடியது, அடைபட்ட ரேடியேட்டரால் அதை ஆற்ற முடியவில்லை. கூலன்ட் என்கிற பச்சை அல்லது சிவப்புத் திரவத்தை வீண் செலவு என்று நினைத்தேன். அது கொதிநிலையை உயர்த்துகிறது, உள்ளே துருவும் அரிப்பும் வராமல் பார்த்துக்கொள்கிறது. டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்து ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் பால் காபி நிறத்தில் குழகுழவென்று ஒட்டியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்ததன் அடையாளம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்தும் மூடியில் மட்டும் இப்படி ஆகுமாம். அதனால் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார், அதிலும் அதே நிறம். ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் வாயைப் பார்க்கச் சொன்னார், குமிழ் குமிழாக வந்துகொண்டே இருந்தது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, சந்தேகம் இல்லை. மூன்று சோதனைக்கும் சேர்த்து இருபது நிமிடம்தான் ஆனது.

ஹெட்டைக் கழற்றி, கணபதியில் தனக்குப் பழக்கமான லேத்துக்குக் கொண்டுபோனார், நானும் கூடப் போனேன். பம்ப்பும் மோட்டாரும் செய்து வளர்ந்த ஊர் கோவை என்பது நம் பழைய கார்களுக்குக் கிடைத்த பெரிய வரம். அலுமினிய ஹெட்டின் மேல் ஒரு நேர்ச்சட்டத்தை நிமிர்த்தி வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தார்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு உள்ளே போகக் கூடாது. நடு சிலிண்டர் பக்கம் லேசாகப் போனது. சூட்டில் ஹெட் வளைந்திருக்கிறது. கேஸ்கட் உட்காரும் பரப்பைச் சீராக இழைத்துக் கொடுத்தார்கள், கூலி 800 ரூபாய். சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டில் பெரிய தொகையே இந்த ஹெட்டுக்குத்தான்.

பாகம் வாங்கும்போது அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்: "இரும்பு பழசு வாங்கலாமுங்க, ரப்பர் பழசு வாங்கப்படாதுங்க." கதவு, பம்பர், பானெட், சீட், கண்ணாடி தூக்கும் மெஷின், ஸ்டீல் ரிம் எல்லாம் உக்கடத்தில் தாராளமாக எடுக்கலாம், பாதி விலைகூட ஆகாது. ஹோஸ், பெல்ட், ஆயில் சீல், இன்ஜின் மவுண்டிங், பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர், டயர் ஆகியவை ஓடாமல் சும்மா கிடந்தாலும் காலத்தால் விறைத்துப் போகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019-ன் 35-வது வாரத்தில் செய்தது. பட்டன் (தரையில் படும் மேல்பகுதி) தேயாமல் நன்றாக இருக்கிறது என்று பழைய டயர் விற்பவர்கள் அந்த எண்ணைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இதோடு நானாகச் சேர்த்துக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு. பாகத்தின் விலையைவிட அதை அடையும் கூலி அதிகம் என்றால் பாகத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. கிளட்சுக்காகக் கியர் பாக்ஸை இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் செட்டாகவே மாற்றிவிட வேண்டும். நானூறு ரூபாய் பேரிங்கை விட்டுவைத்து, ஆறு மாதத்தில் மறுபடி கியர் பாக்ஸை இறக்குவது பெரிய நஷ்டம். அதே கணக்கில்தான் ஹெட்டுக்காக டைமிங் பெல்ட்டைக் கழற்றியபோது பெல்ட்டையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றினோம். பம்ப்பில் லேசான கசிவுதான் இருந்தது, இன்னும் ஓடியிருக்கும். ஆனாலும் மாற்றினோம்.

கேஸ்கட் செட், பெல்ட், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் வைக்கும் வால்வு) மூன்றும் கம்பெனி ஒரிஜினலாகவே, பாகத்தின் நம்பரைச் சொல்லி, அட்டையில் அச்சிட்ட விலை பார்த்து நானே கடையில் வாங்கிக் கொடுத்தேன். பலருக்கு இது தெரிவதில்லை: ஒரிஜினல் பாகம் வேண்டும் என்பதற்காக வண்டியைக் கம்பெனியில் விட வேண்டியதில்லை. ரேடியேட்டர் மட்டும் வெளி நிறுவனத் தயாரிப்பு, 3,200 ரூபாய். கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்து தருகிறவர்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் விற்பார்கள். விலை குறைவு, தரத்தில் குறை இருக்காது. ரூட்ஸ் ஹாரனும் பிரிக்கால் மீட்டரும் கோவைக்காரர்கள் செய்து நாடெங்கும் வண்டிகளுக்குப் போகிறவைதான். பெயரே இல்லாத அட்டையில் வரும் பெல்ட்டும் பிரேக் பேடும் வேறு சங்கதி, அவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஆயில், கூலன்ட், கூலி 4,500 எல்லாம் சேர்த்து மொத்தம் 18,150 ரூபாய் ஆனது. டோ வண்டி தனி.

இதனால் பட்டறை எல்லாமே நல்லது என்று ஆகிவிடாது. இதற்கு முன்பு வேறொரு பட்டறையில், சூடு ஏறாமல் இருக்கும் என்று சொல்லி என் தெர்மோஸ்டாட்டையே கழற்றி வீசிவிட்டார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், மைலேஜ் இறங்கும், தேய்மானம் கூடும். நோய் அப்படியே இருக்க, அடையாளத்தை மட்டும் மறைக்கும் வைத்தியம் அது. பட்டறைகளில் எழுத்தில் வாரண்டி கிடையாது, பெரும்பாலும் பில்லும் கிடையாது. அதனால் நான் பார்ப்பது இவ்வளவுதான்: ஹெட் போல்ட்டை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, நடுவிலிருந்து வெளியே வரிசைப்படி முறுக்குகிறாரா, கையாலேயே குத்துமதிப்பாக முறுக்குகிறாரா? கழற்றிய பழைய பாகத்தை என்னிடம் திருப்பித் தருகிறாரா? பார்க்காமலே விலை சொல்கிறவரிடம் நான் வண்டியை விடுவதில்லை.

மின்சார வேலை என்றால் பட்டறையைவிட ஆட்டோ எலக்ட்ரீஷியன் மேல். போன வருடம் செல்ஃப் எடுக்காமல் போனபோது புது செல்ஃப் மோட்டார் போட வேண்டும் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்ததில் கார்பன் பிரஷ் தேய்ந்து அடிக்கட்டை மட்டும் மிச்சம் இருந்தது. மாற்றிக் கொடுத்தார், 650 ரூபாய்.

வீட்டிலேயே செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அதில்தான் லாபம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் மட்டம், ஆயில் மட்டம், பிரேக் ஆயில் மட்டம் பார்க்கிறேன். முன்சக்கரத்தை முழுதாகத் திருப்பி, ஆக்சிலின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன். பூட் சில நூறு ரூபாய். மண் உள்ளே போய்த் திருப்பத்தில் கடகடவென்று சத்தம் வந்த பிறகு போனால் ஜாயின்ட்டே மாற்ற வேண்டியிருக்கும். ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி முனை சுத்தம் எல்லாம் நாமே செய்யலாம். பிரேக்கைப் பிரிக்கும் வேலையை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம். குன்னூரிலிருந்தோ வால்பாறையிலிருந்தோ இறங்கும்போது ஐந்து உயிரும் அதை நம்பித்தான் இருக்கிறது.

காசு குறைவாக இருக்கும்போது பிரேக், டயர், ஸ்டீயரிங் முதலில், அடுத்து சூடு சம்பந்தப்பட்டது, அப்புறம் பெல்ட். என் ஏசி இரண்டு கோடையாக வேலை செய்யவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். பங்குனி, சித்திரை வெயிலில் திருப்பூர் போய்வர அம்மாவுக்குச் சிரமம்தான். ஆனால் ஏசி கம்ப்ரஸர் பணம்தான் பிரேக் சிலிண்டர்களாகவும் இரண்டு டயர்களாகவும் மாறியது.

2024-ல் வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்து ஆர்சி புதுப்பித்தேன். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு அந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆகிவிட்டது, பசுமை வரி தனி. பழைய கார் வைத்திருப்பவர்கள் இதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். இனி 2029 வரை கவலை இல்லை. ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓவில் நடக்கும் சோதனைக்கு முன் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது இடது பக்கக் கதவுக்குக் கீழே துரு ஆரம்பித்திருப்பதை மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக் காட்டினார். இன்ஜின் போனால் மாற்றிக்கொள்ளலாம், அடித்தகடு போனால் வண்டியே போயிற்று என்றார். தை மாதம் போனஸ் வந்ததும் அதைச் சுரண்டி, தகடு வைத்து வெல்டிங் அடித்து, அடியில் பெயின்ட் பூச வேண்டும். 6,000 சொல்லியிருக்கிறார்.