பீரோவில் இருந்த காது மெஷின்

இந்தத் தடவை ஊருக்குப் போனதில் கல்யாணம், குலதெய்வம் கோயில், டிகிரி காபி எல்லாம் வழக்கம்போல நடந்தன. அவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. இங்கிலாந்தில் நான் இருக்கும் லெஸ்டருக்குத் திரும்பி வந்த பிறகும் மனதைப் போட்டுப் பிசைவது என் தங்கை மகனின் காது மெஷின்தான்.

கொஞ்சம் முன்கதை. என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்பது குறைவு. இங்கிலாந்தில் 2006 முதல் நாடு முழுக்கப் பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் காதுப் பரிசோதனை செய்கிறார்கள். அதனால் அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே தெரிந்துவிட்டது. கும்பகோணம் பக்கம் இருக்கும் தங்கைக்கு மகன் பிறந்ததும் போனில் நச்சரித்து அவனுக்கும் டெஸ்ட் எடுக்க வைத்தேன். அரசு மருத்துவமனையில் தூக்க மருந்து கொடுத்து, சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்து, நாலாம் மாதமே முடிவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மெஷினும் இலவசம். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குவது என்று உலகம் முழுக்கச் சொல்லும் கணக்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டார்கள். நம் சின்ன வயதில் "அப்பன் மாதிரி, பேச்சு லேட்டாத்தான் வரும்" என்று மூன்று நாலு வயது வரை விட்டுவிடுவார்களே, அந்த ஊரா இது என்று பெருமையாக இருந்தது.

போய் இறங்கியபோது பிள்ளைக்கு ஒன்பது மாதம். தூக்கிக் கொஞ்சும்போது பார்த்தால் இரண்டு காதும் காலி.

"மெஷின் எங்கேடி?" என்றேன்.

பீரோவைத் திறந்து, வெள்ளிக் கொலுசுக்கும் பாஸ்புக்குக்கும் பக்கத்திலிருந்து டப்பாவை எடுத்தாள். "போட்டா விசில் அடிக்குதுக்கா. இவன் பிடுங்கி எறியறான். விலை ஜாஸ்தி, தொலைச்சா மறுபடி தர மாட்டாங்கன்னாங்க. அதான் பத்திரமா வச்சிருக்கேன்."

மாட்டிப் பார்த்தேன். கீச்சென்று சத்தம். காரணம் மெஷின் இல்லை, மோல்டு. காதுக்குள் உட்காரும் அந்தச் சின்ன அச்சு. ஐந்தாம் மாதம் அளவு எடுத்து வெளியூருக்கு அனுப்பி, செய்து வருவதற்குள் வாரக்கணக்கில் ஆகிவிட்டதாம். அதற்குள் குழந்தையின் காது வளர்ந்துவிட்டது. இடைவெளி வழியே கசியும் சத்தத்தை மைக் மறுபடி வாங்கிப் பெருக்குகிறது, அதுதான் விசில். அதுவும் கெட்டியான அக்ரிலிக் மோல்டு, ஓரம் பட்டுக் காது மடல் உள்ளே சிவந்திருந்தது. பிடுங்காமல் என்ன செய்வான் பிள்ளை?

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஓ.பி. சீட்டு, வரிசை, டோக்கன், உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே இருந்த ஆடியாலஜிஸ்ட் சின்னப் பெண், அந்தக் கூட்டத்துக்கு அவர் ஒருவர்தான். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நூல் கட்டிய பஞ்சுத் துண்டைக் காதுக்குள் வைத்து, இரண்டு பசையைப் பிசைந்து சிரிஞ்சில் அடைத்து, என் தங்கை மடியில் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொள்ள, அழ அழப் பொறுமையாக அளவு எடுத்தார். அப்புறம் நான் கேட்டதற்காக மெஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டினார். மெஷின் ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடியது என்பது அதிலேயே பதிவாகிறது. சராசரி ஒரு மணி நேரம்கூட இல்லை.

மேசையில் பதிவேடு திறந்திருந்தது. பெயர், வயது, மெஷின் எண், வழங்கிய தேதி, பெற்றோர் கையெழுத்து. தங்கையின் கையெழுத்தும் இருந்தது. அத்தோடு சரி. அந்த வரியைப் பொறுத்தவரை என் தங்கை மகன் பலன் பெற்றுவிட்ட குழந்தை. எத்தனை மணி நேரம் போடுகிறான், மோல்டு எப்போது மாற்றியது என்று எழுத அதில் கட்டமே இல்லை. "நானா மேடம் கட்டம் போடறேன்? மேல கேட்கிறது எத்தனை பேருக்குக் கொடுத்தோம்னுதான்" என்றார் அந்தப் பெண். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

லெஸ்டரில் என் மகளுக்கு முதல் வருடம் முழுக்க மோல்டு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மெத்தென்ற சிலிக்கான் மோல்டு, தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். பேட்டரிக்குக் காசில்லை. காது கேளாத பிள்ளைகளுக்கென்றே இருக்கும் டீச்சர் வீடு தேடி வந்து, மெஷினைக் கிளிப் போட்டுச் சட்டையில் மாட்டுவது எப்படி, குளிப்பாட்டிய பிறகு டியூபில் இருக்கும் ஈரத்தை ஊதி எடுப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் முதலில் பார்ப்பது அந்த மணி நேரக் கணக்கைத்தான்.

வெளிநாடு என்றால் எல்லாம் சரி என்று சொல்லவில்லை. ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதியில் ஒரு குடும்பம் கொடுத்த புகாரால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பழைய பதிவுகளைத் தோண்டினார்கள். 155 பிள்ளைகளுக்குச் சரியான கவனிப்புக் கிடைக்கவில்லை என்று 2021-ல் வெளிவந்தது. பெரா டெஸ்ட் எடுத்தவர்கள் அதைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. ஒவ்வொரு குழந்தையாக எடுத்துப் பார்த்ததால் தெரிந்தது.

ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து உடனே உதவி தொடங்கிய பிள்ளைகளுக்கு மொழி நன்றாக வருகிறது என்று அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ குழுவினர் 1998-லேயே காட்டிவிட்டார்கள். அங்கே உதவி என்றால் பீரோவில் இருக்கும் மெஷின் அல்ல. நமக்கும் இது புதிதில்லை. சென்னையில் 1969 முதல் நடக்கும் பால வித்யாலயாவில் அம்மாவும் பிள்ளையோடு வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டில் நாள் முழுக்கப் பேசப்போவது அம்மாதானே.

இன்னொரு கவலையும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் ஆபரேஷன் இலவசம், மிக நல்ல விஷயம். ஆனால் மெஷின் போட்டும் பலன் போதவில்லை என்று பார்த்த பிறகுதானே அதை முடிவு செய்ய வேண்டும்? போடாத மெஷினை வைத்து எதைப் பார்ப்பது?

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. மோல்டு செய்யத் தெரிந்தவர் மாவட்டத்துக்கு ஒருவராவது வேண்டும். மைசூரில் இருக்கும் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் இதற்கென்றே டிப்ளமோ இருக்கிறது. பதிவேட்டில் இரண்டு கட்டம் கூட்ட வேண்டும்: மோல்டு மாற்றிய தேதி, ஒரு நாளில் போடும் நேரம். மெஷின் தொலைந்தால் தர மாட்டோம் என்று தாயைப் பயமுறுத்துவதை இன்றே நிறுத்தலாம், அதற்கு ஒரு பைசா ஆகாது.

நான் சென்னையில் ஒரு தனியார் லேபில் காசு கொடுத்து சிலிக்கான் மோல்டு செய்து கூரியரில் வரவழைத்தேன். விசில் நின்றது. எல்லாக் குழந்தைக்கும் லெஸ்டரிலிருந்து பெரியம்மா வர முடியுமா?

உங்கள் சொந்தத்தில் கைக்குழந்தைக்கு மெஷின் வாங்கியிருந்தால் அடுத்த வீடியோ காலில் பிள்ளையின் காதைக் காட்டச் சொல்லுங்கள். மெத்தென்ற மோல்டு கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பேட்டரி மூடிக்குக் குழந்தை திறக்க முடியாத பூட்டு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அந்தப் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் ஆபத்து.