உடல் தானமா, மின்மயானமா?

என் இறுதிக் காரியத்தை நானே முடிவு செய்துவிட நினைத்தபோது மூன்று வழிகள் தெரிந்தன: விறகுச் சிதை, மின்மயானம், மருத்துவக் கல்லூரிக்கு உடல் தானம். அடக்கம் செய்வது எங்கள் குடும்ப வழக்கத்தில் இல்லை. அந்த வழக்கம் உள்ளவர்கள்தான் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விறகை யோசிக்கவே இல்லை. ஓர் உடலுக்குச் சுமார் 300 கிலோவாவது வேண்டும். அடைமழையில் ஈர விறகோடு பிள்ளைகள் அல்லாட வேண்டாம்.

மின்மயானம் நல்ல ஏற்பாடுதான். மதுரைக்காரனான எனக்குத் தத்தனேரி மயானம். நீர்மாலை, வாய்க்கரிசி எல்லாம் வழக்கம்போல் நடக்கும், பங்காளிகள் முகம் சுளிக்கமாட்டார்கள், சாம்பலும் சீக்கிரம் கிடைத்துவிடும். முன்கூட்டித் திட்டமிட அதில் பெரிதாக எதுவும் இல்லை.

நான் தேர்ந்தெடுத்தது உடல் தானம். நரம்பு எங்கே ஓடுகிறது என்று படத்தில் பார்ப்பதும் விரலால் தொட்டு அறிவதும் ஒன்றல்ல. முதலாண்டு மாணவர்களுக்கு உண்மையான உடல் வேண்டும். 2010இல் மார்க்சிஸ்ட் தலைவர் ஜோதி பாசுவின் உடல் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனைக்கும், 2024இல் அதே கட்சியின் சீதாராம் யெச்சூரியின் உடல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கும் இப்படித்தான் போய்ச் சேர்ந்தன. கண்களையும் தானம் செய்யலாம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதால் கண் வங்கிக்கு முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இதில் எல்லாம் வீட்டார் சம்மதத்தில்தான் நிற்கிறது. படிவத்தில் நான் எத்தனை கையெழுத்துப் போட்டாலும் உடலைக் கொண்டுபோய் ஒப்படைக்கப் போகிறவர்கள் அவர்கள். அந்த நேரத்தில் ஒருவர் மறுத்தாலும் கல்லூரி வற்புறுத்தாது. அதனால் படிவத்தை நிரப்பியதைவிட வீட்டில் பேசியதுதான் பெரிய வேலை. “கொள்ளி வைக்க மகன் இருக்கும்போது இது எதற்குத் தம்பி?” என்றார் அண்ணன். மனைவிக்கு ஆற்றில் கரைக்க அஸ்தி இருக்காதே என்பதுதான் தாங்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தைப் படம் வைத்துச் செய்யலாம் என்று பல நாள் கழித்து அவளே சொன்னாள். மகன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படிவத்தையே பார்த்திருந்தான். “அப்பா, கொஞ்ச நேரமாவது வீட்டில் வைத்திருக்கலாமா?” என்று கேட்டான். உறவினர்கள் பார்க்கும்வரை குளிர்பெட்டியில் வைக்கலாம், ஆனால் உடல் கெடுவதற்குள் பதப்படுத்தும் திரவத்தை ஏற்றியாக வேண்டும், தாமதிக்கக் கூடாது என்று விசாரித்துச் சொன்னேன். அதன் பிறகு கையெழுத்திட்டான். அந்தக் கையெழுத்தை என்னுடையதைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

வீடு முழுமனதாக ஒத்துக்கொள்ளாத இடத்தில் மின்மயானமே மேல். துக்க வீட்டில் தகராறு நடக்கக் கூடாது.

இன்னொன்று: தானத்தை எப்போதும் ஏற்பார்கள் என்று இல்லை. விபத்து, தற்கொலை என்று பிரேதப் பரிசோதனைக்குப் போன உடலையும் சில தொற்று நோய்கள் இருந்தவர்களின் உடலையும் பொதுவாக வாங்குவதில்லை. எனவே தானம் நடக்காவிட்டால் தத்தனேரி என்றும் எழுதி வைத்திருக்கிறேன். படிவத்தின் நகல் பீரோ கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. உடற்கூறியல் துறையின் எண் மகள், மகன் இருவரின் கைப்பேசியிலும் இருக்கிறது. வெளியூரில் உயிர் போனால் அங்கேயுள்ள அரசு மருத்துவக் கல்லூரியைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.