பதினாறாம் நாளிலிருந்து யார் பார்ப்பது? காப்பீட்டு அட்டையோடு எங்கள் வீட்டின் பதிமூன்று வருடம்

கடைக்கு வருகிறவர்கள் "தம்பி, இந்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்தா ஏதாவது பிரயோசனம் உண்டா" என்று கேட்டால் யோசிக்காமல் எடுங்கள் என்றுதான் சொல்வேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே புலம்பல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதைப் படித்துவிட்டு யாரும் அட்டை வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. எங்கள் அப்பா இன்றைக்கு வரப்பில் நடந்து போய் மடை திறந்துவிட்டு வருகிறார் என்றால் அதில் அந்த அட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அட்டைக்கு முன்னாலும் அட்டைக்குப் பின்னாலும் அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் தலையில் இந்த அட்டை எதை ஏற்றி வைத்தது என்பதுதான் விஷயம்.

எனக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு ஊரில் ஜெராக்ஸ் கடை. ஆன்லைன் விண்ணப்பம், சிட்டா எடுத்துக் கொடுப்பது, ரயில் டிக்கெட் எல்லாம் உண்டு. கடைக்கு நேர் எதிரே ஆரம்ப சுகாதார நிலையம். சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு இப்படி ஒன்று, ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது அரசுக் கணக்கு. அதனால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் ஒன்று அங்கே நிற்பார்கள், இல்லை என் கடையில் நிற்பார்கள். சில நாள் அங்கே வரிசை நீண்டு என் கடைப் படி வரைக்கும் வந்துவிடும்.

2009-ல் கலைஞர் காப்பீடு வந்தபோது நாங்கள் கண்டுகொள்ளவில்லை. 2012 ஜனவரியில் அதுவே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு என்று மாறியபோதுதான் அப்பா பெயரில் எடுத்தோம். குடும்பத்துக்கு வருடத்துக்கு 1 லட்சம், ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, அப்புறம் கலெக்டர் ஆபீஸ் போய் வரிசையில் நின்று போட்டோ. (அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் மூன்று வேலி வைத்திருந்தவருக்கும் ஒரு மா குத்தகைக்கு எடுத்தவருக்கும் வருமானம் ஒன்றேதான், 72,000. 2022-ல் வரம்பை 1,20,000 ஆக்கினார்கள், ஊரே ஒரே ராத்திரியில் பணக்காரர் ஆகிவிட்டது.) 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு சேர்த்த பிறகு காப்பீட்டுத் தொகை 5 லட்சமாக ஏறியது.

முதல்முறை அட்டையைப் பயன்படுத்தியது அம்மாவுக்காக, 2014-ல். கர்ப்பப்பையில் கட்டி, மாதம் பத்து நாள் உதிரப்போக்கு. கடைத்தெருவில் முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்த ஒரு பெரியவர் இருந்தார், எங்கள் மூன்று தலைமுறைக்கும் அவர்தான் டாக்டர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கட்டி சின்னதுதாம்மா, உனக்கு நாப்பத்தெட்டு ஆச்சு, இன்னும் ரெண்டு மூணு வருசத்துல தானா நின்னுடும், ரத்தம் ஏற மாத்திரை தரேன், பொறுத்துப் பாரு" என்றார். அதே மாதம் கல்யாண மண்டபத்தில் ஒரு தனியார் மருத்துவமனை இலவச முகாம் போட்டது. அங்கே இருந்தவர்கள் கேட்ட முதல் கேள்வியே அட்டை இருக்கிறதா என்பதுதான். இருக்கிறது என்றதும், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், ஒரு பைசா செலவில்லை என்றார்கள். எடுத்துவிட்டோம். அவர் சொன்னது சரியா, இவர்கள் செய்தது சரியா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அம்மாவுக்கு உதிரப்போக்கு நின்றது, அது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு வந்த இடுப்பு வலி, உடம்புச் சூடு, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் அம்மா போய் உட்கார்ந்தது அதே முப்பது ரூபாய் டாக்டரிடம். அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "சரிம்மா, எடுத்தாச்சு, இனி பார்ப்போம்" என்றார், அவ்வளவுதான்.

அட்டை வந்த பிறகு உள்ளூர் டாக்டருக்கு முதலில் போனது அந்த 'பொறுத்துப் பார்' என்கிற அதிகாரம்தான். முன்பெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி என்றால் நகையை அடகு வைக்க வேண்டும், அதனால் அவர் சொல்லும்வரை யாரும் தஞ்சாவூர் பஸ் ஏற மாட்டார்கள். அந்த பயம் போனது நல்லதுதான், எத்தனையோ பேர் பயந்தே செத்தார்கள். ஆனால் பயத்தோடு சேர்ந்து அவர் பேச்சும் போய்விட்டது. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்கிற டாக்டருக்கு விஷயம் தெரியவில்லை, வேண்டும் என்கிறவர் கெட்டிக்காரர் என்று ஆகிப்போனது.

இரண்டாவது முறை அப்பாவுக்கு, 2023 ஐப்பசி. நல்ல அடைமழை. விடிகாலை நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருக்கிறது என்றார், வேர்த்துக் கொட்டியது. எதிரே இருந்த சுகாதார நிலையத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். பணியில் இருந்த நர்சம்மா ஈசிஜி எடுத்து, போட்டோ பிடித்து டாக்டரம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் போனில் சொல்லச் சொல்ல அப்பா கையில் ஒரு கை மாத்திரையைக் கொட்டி விழுங்க வைத்தார். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்புக்கான அடோர்வாஸ்டாடின். அந்த வருடம்தான் 'இதயம் காப்போம்' என்று இந்த முதல் டோஸ் மாத்திரைகளைச் சுகாதார நிலையங்களிலேயே கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அப்புறம் 108. நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டிருந்தால் கதை முடிந்தது என்று ஓட்டுநர் வடுவூர் வழியாகவே விட்டார்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அட்டையில் ஆஞ்சியோ, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற ஒரு ஸ்டென்ட். அவசர கேஸ் என்பதால் அனுமதி சீக்கிரம் வந்துவிட்டது, அந்த வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அட்டையில் வராத ஊசி என்று 12,000 கட்டச் சொன்னார்கள். ரசீது கேட்டேன், நாளைக்கு என்றார்கள், அந்த நாளை இன்னும் வரவில்லை. கட்டணமில்லாத் திட்டத்தில் இப்படிக் கேட்கக் கூடாது என்பது எனக்கே தெரியும், ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவன் நான். உள்ளே அப்பா படுத்திருக்கும்போது சட்டம் பேச வாய் வராது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஆயுஷ்மான் விதிப்படி அனுமதிக்கு முந்திய 3 நாள் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாள் வரை மருந்துச் செலவும் கணக்கில் வரும். பதினாறாம் நாள் என்றாலே நம் பக்கம் வேறு அர்த்தம், அதை விடுங்கள். அன்றைக்குக் காலையில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு ரோட்டைத் தாண்டி எதிரே போய் நின்றோம்.

சீட்டில் ஒன்பது மருந்து, எல்லாம் கம்பெனிப் பெயரில். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து, இது இருக்கிறது, இதற்குச் சமமானது இருக்கிறது, இது எங்களிடம் இல்லை என்று பக்கத்தில் பென்சிலால் குறித்தார். இல்லாதது டிகாக்ரெலர், ரத்தம் உறையாமல் இருக்க தினம் இரண்டு வேளை. அதற்குப் பதில் அரசு சப்ளையில் இருக்கும் குளோபிடோக்ரெலுக்கு மாற்றலாம்தான், ஆனால் ஸ்டென்ட் வைத்து மூன்று வாரம் ஆகாத ஆளுக்கு, வைத்தவரைக் கேட்காமல் எப்படி மாற்றுவது? ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது? சம்மரியில் இருந்த நம்பருக்குத் தன் போனிலிருந்தே கூப்பிட்டார். வரவேற்பில் எடுத்து, சார் தியேட்டரில் இருக்கிறார் என்றார்கள். மறுநாளும் தியேட்டர். அடுத்த வாரமும் தியேட்டர்தான். வெளியே அறுபது எழுபது பேர் ஓபி சீட்டோடு நிற்கிறார்கள், இந்த அம்மா யாரோ செய்த ஆபரேஷனுக்காக போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் அந்த ஒரு மாத்திரையை மட்டும் மாதம் ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வெளியே வாங்கினோம். கடைசியில் அவரே ஒரு கடிதம் எழுதி தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் இதயப் பிரிவுக்கு அனுப்பினார், அங்கே பார்த்து மாற்றிக் கொடுத்தார்கள்.

அந்த இருபது நிமிட போன், அந்தக் கடிதம், பென்சில் குறிப்பு இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. ஸ்டென்ட் வைத்தவருக்குத் தொகுப்புக் கட்டணம் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தாலும் காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கு வரும், அதில் ஒரு பங்கு அங்கே வேலை செய்தவர்களுக்கு ஊக்கத்தொகையாகவும் போகும். இங்கே எவ்வளவு வரும் என்று மருந்தாளுநரிடம் ஒருநாள் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது கேட்டேன். "நமக்கு நோயாளிதான் சார் வருவாங்க" என்று சிரித்தார்.

நோயாளியோடு தாளும் வருகிறது. காப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள் என்று முழங்கால் வலியோடு வருவார்கள், டாக்டரம்மா நடந்து காட்டச் சொல்வார், எடையைக் குறைங்கள், பயிற்சி செய்யுங்கள் என்பார். அவர்களுக்குக் கோபம் வரும். அட்டையே இருக்கும்போது இவர் ஏன் தடுக்கிறார் என்று என் கடையில் வந்து திட்டுவார்கள். அட்டை இருந்தால் ஓபி மாத்திரையும் அதிலேயே வரும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வராது. படுக்கையில் சேர்ந்தால்தான் அட்டை, சில குறிப்பிட்ட பரிசோதனைகளுக்கும் சில தொடர் சிகிச்சைக்கும் உண்டு, மற்றபடி காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் எதற்கும் அது வெறும் பிளாஸ்டிக்.

அமெரிக்காவில் ஒரிகன் என்ற மாநிலத்தில் 2008-ல் ஏழைகளுக்கான காப்பீட்டைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். இடம் குறைவு, கேட்டவர்கள் அதிகம், அதனால் குலுக்கல். ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதைவிட வாகான சந்தர்ப்பம் கிடைக்காது. பக்கத்து டாக்டரிடம் போக வழி கிடைத்தால் அவசர சிகிச்சைப் பிரிவில் கூட்டம் குறையும் என்றுதான் பலரும் நினைத்தார்களாம். பார்த்தால் டாக்டரிடம் போவதும் கூடியது, அவசரப் பிரிவுக்குப் போவதும் சுமார் 40 சதவீதம் கூடியது. கதவைத் திறந்தால் கூட்டம் வரும், எந்த ஊராக இருந்தாலும் அதுதான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே அந்தக் காப்பீடு சாதாரண டாக்டரைப் பார்க்கவும் பணம் கொடுக்கிறது. இங்கே நமக்குத் திறந்தது ஆபரேஷன் தியேட்டர் கதவு, கூட்டம் சேர்ந்தது சுகாதார நிலையத்து வாசலில்.

ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' இல்லையென்றால் அந்த வாசல் இடிந்தே போயிருக்கும். அம்மாவுக்கு சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் மாதாமாதம் வீட்டுக்கே வருகிறது. எங்கள் தெருவில் பக்கவாதம் வந்து படுத்தவருக்கு இயன்முறை மருத்துவர் வந்து கையைக் காலை அசைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார். மாத்திரை கொண்டுவருகிற அக்கா எங்கள் பக்கத்துத் தெரு, நடவு நாளில் வயலுக்கே வந்து அம்மாவுக்கு பிரஷர் பார்த்திருக்கிறார். குறை என்னவென்றால் பார்த்ததை எல்லாம் போனில் ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காது. சில நாள் என் கடை வைஃபையில் உட்கார்ந்து ஏற்றிவிட்டுப் போவார், டீ மட்டும்தான் நான் கொடுப்பது.

முப்பது ரூபாய் டாக்டர் 2022-ல் மருத்துவமனையை மூடிவிட்டார். வயது ஒரு காரணம். கடைசி சில வருடம் அவரிடம் வந்தது காய்ச்சல்காரர்களும், அட்டையில் எல்லாம் முடித்துவிட்டு "என்னமோ பண்ணுது டாக்டர்" என்று திரும்பி வந்தவர்களும்தான். அந்த இடத்தை எடுக்க இன்னொரு டாக்டர் வரவில்லை, இப்போது ரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கிற ஒரு லேப் இருக்கிறது. ரிசல்ட் கொடுப்பார்கள். அதைப் படித்துச் சொல்ல ஆள் கிடையாது, சில பேர் என்னிடம் காட்டுகிறார்கள், ஜெராக்ஸ்காரனிடம்!

புதிதாக அட்டை எடுப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். ரேஷன் கார்டில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே பாருங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு 'ழ'வுக்கும் 'ல'வுக்கும் சண்டை போட முடியாது. வீட்டுக்கு அனுப்பும் முன் மருந்தின் உண்மைப் பெயரை எழுதச் சொல்லுங்கள், கம்பெனிப் பெயர் உங்கள் ஊர் மருந்தாளுநருக்கு உதவாது, முடிந்தால் அரசு சப்ளையில் கிடைப்பதையே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். டாக்டரின் நேரடி நம்பர் கொடுத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதினைந்து நாள் முடியட்டும் என்று காத்திருக்காமல் வந்த வாரமே சம்மரியைச் சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள்.

அப்பாவின் அட்டை மஞ்சள் பையில் சிட்டாவோடு இருக்கிறது, இன்னும் புதுசு போலத்தான். சுகாதார நிலையத்து நோட்டுக்கு மட்டும் நான் மூன்றாவது முறையாக அட்டை போட்டுக் கொடுத்திருக்கிறேன். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், எட்டு மணிக்குள் போனால்தான் முதல் இருபதில் வரலாம். மழை இல்லையென்றால் அப்பா ஏழரைக்கே போய் உட்கார்ந்துவிடுவார்.