உமேடாவில் ஒரு கேப்சூல் விடுதி: கதவில்லாமல் ஓர் இரவு

ஒசாகாவின் உமேடா நிலையத்திற்கு அருகிலுள்ள ஒரு கேப்சூல் விடுதியில், அதாவது ஒருவர் மட்டும் படுக்கக்கூடிய பெட்டி போன்ற சிற்றறைகள் வரிசையாக அடுக்கப்பட்ட விடுதியில், சென்ற மாதம் ஓர் இரவு தங்கினேன். இவ்வகை விடுதி பிறந்ததே இந்தப் பகுதியில்தான். கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைத்த 'கேப்சூல் இன் ஒசாகா' 1979-இல் இங்கே திறக்கப்பட்டது. வேலையோ விருந்தோ நீண்டுபோய்க் கடைசி ரயிலைத் தவறவிட்டவர்கள், டாக்சிக்குப் பெருந்தொகை கொடுக்காமல், விடியும்வரை உடலைச் சாய்க்க ஓர் இடம் என்பதே இதன் முதன்மையான பயன். அதை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

வாசலிலேயே காலணிகளைக் கழற்றிப் பூட்டிவிட்டு, அந்தச் சாவியை வரவேற்பு மேசையில் கொடுத்தால் லாக்கர் சாவி தருகிறார்கள். லாக்கர் ஒரு தோள்பைக்குத்தான் போதும். பெரிய பெட்டியை வரவேற்பு மேசையிலேயே விட வேண்டியிருந்தது.

கேப்சூல் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உயரமும் கொண்டது. நிமிர்ந்து உட்கார்ந்தபோது என் தலைக்கும் கூரைக்கும் இடையே நான்கு விரற்கடை இருந்தது. மூச்சு முட்டுமோ என்று அஞ்சியிருந்தேன். ஆனால் மூலைகள் யாவும் வளைவாக வார்க்கப்பட்டிருந்ததாலும், தலைமாட்டு விளக்கின் ஒளியை விரும்பிய அளவுக்குக் குறைக்க முடிந்ததாலும், அந்த நெருக்கம் சிறிது நேரத்திலேயே ஒரு பாதுகாப்பாக மாறிவிட்டது. பொருள் வைக்கும் சிறு தட்டின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன், தூசியே இல்லை. உமி அடைத்த தலையணை, தலையைத் திருப்பும்போதெல்லாம் மெல்லச் சரசரத்தது.

கால்மாட்டில் கதவு கிடையாது. கீழே இழுத்துவிடும் திரை மட்டுமே உண்டு. ஜப்பானியச் சட்டம் இதைத் தனியறைகள் கொண்ட ஹோட்டலாக அல்லாமல், பலர் சேர்ந்து தங்கும் எளிய விடுதியாகவே வகைப்படுத்துவதால், கேப்சூலைப் பூட்ட முடியாது. ஆகவே இங்கே நம் உறக்கம் பக்கத்தில் இருப்பவரின் கையில் இருக்கிறது. நள்ளிரவுவரை ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அதன்பின் ஒருவரின் குறட்டையும், 5 மணிக்கு யாரோ அணைக்காமல் விட்ட கைப்பேசி அலாரமும் என்னை எழுப்பிவிட்டன. அலாரத்தை அதிர்வில் மட்டும் வைக்கும்படி விடுதியார் ஓர் அறிவிப்பாவது ஒட்டியிருக்கலாம். கேப்சூலுக்குள் வெப்பநிலையை மாற்ற வழியில்லாததும் உண்மையான குறைதான். விடியற்காலையில் தொண்டை வறண்டுபோனது.

அந்தக் குறைகளை ஈடுசெய்தது பொதுக் குளியலறை. சிறு முக்காலியில் அமர்ந்து உடலை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும்; ஆடை எதுவும் கூடாது. பிறர் முன்னிலையில் ஆடையின்றிக் குளிப்பதில் நம்மவர்களுக்குத் தயக்கம் இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் அங்கே யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நாள் முழுதும் நடந்த கால்களுக்கு அந்த வெந்நீர் தந்த சுகத்திற்காகவே, ஓர் இரவுக்கு நான் கொடுத்த 3,800 யென் தகும் என்பேன். பச்சை குத்தியவர்களைச் சில விடுதிகள் குளியலறைக்குள் விடுவதில்லை. முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தளங்கள் என்பதால், குடும்பமாகச் செல்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தனியாக, குறைந்த சுமையோடு வருபவர்கள் காதடைப்பானும் ஒரு தண்ணீர்ப் புட்டியும் எடுத்துக்கொண்டு, மின்தூக்கியிலிருந்து தள்ளியிருக்கும் மேல்வரிசைக் கேப்சூலைக் கேட்டு வாங்கலாம்.